எலும்புப்புரை: குளிசையா, அப்பியாசமா?

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் இருபது, முப்பது வயதில் ஐரோப்பாவுக்கு வந்து சேர்ந்த எமது பெண்கள் இப்போது ஐம்பதையும் அறுபதையும் கடந்துகொண்டிருக்கிறார்கள். வதிவிட அனுமதி, வேலை, பிள்ளைகளின் படிப்பு என்று பேசிய எமது கூடல்களில் அண்மைக்காலமாக இன்னொரு விடயம் அடிபடத் தொடங்கியிருக்கிறது. ‘எலும்பு தேயுதாம், கிழமைக்கு ஒரு குளிசை எழுதித் தந்திருக்கினம். போடுறதோ, விடுறதோ?’ என்பதே அது.

இக்கேள்விக்கு எம்மவர் மத்தியில் மூன்று விதமான பதில்கள் கிடைக்கின்றன. ‘டொக்டர் சொன்னால் போட வேண்டியதுதான்’ என்பது முதலாவது. ‘உந்தக் குளிசை தாடை எலும்பை அழுகப் பண்ணுமாம், அதை எறிஞ்சு போட்டு நட, யோகா செய்’ என்பது இரண்டாவது. மூன்றாவது பதிலை வேலைத்தலங்களில்தான் அதிகம் கேட்கலாம்: ‘நான் எட்டு மணித்தியாலம் நிண்டு முறியிறன், எனக்கென்னத்துக்கு அப்பியாசம்?’

இம்மூன்றிலும் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆனால் மூன்றில் எதை முழுதாக நம்பி நடந்தாலும் ஆபத்தும் இருக்கிறது. குளிசைக்குப் பதிலாக அப்பியாசம் என்ற கருத்து எங்கே சரி, எங்கே பிழை என்பதைக் கொஞ்சம் ஆறுதலாகப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். நான் வைத்தியர் அல்ல. ஊரில் விலங்கியல் விரிவுரையாளராக இருந்தவள். இங்கே ஜேர்மனியில் ஒரு தொழிற்சாலையில் பெட்டி அடுக்குகிறேன். எனவே கலங்களைப் பற்றியும் பாரம் தூக்குவதைப் பற்றியும் எனக்குத் தெரிந்ததை, வெளிவந்த ஆய்வுகளுடன் சேர்த்து எழுதுகிறேன்.

தேய்வும் புரையும்

முதலில் சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். ‘எலும்புத் தேய்வு’ என்று நாம் பொதுவாகச் சொல்லும்போது இரண்டு வேறு நோய்களை ஒன்றாக்கி விடுகிறோம். முழங்காலில் தேய்வது மூட்டை மூடியிருக்கும் கசியிழையம். அது நோகும், வீங்கும், படியேற விடாது. நாம் இங்கு பேசும் ஒஸ்ரியோபொரோசிஸ் வேறு. எலும்பின் உள்ளே வலைப்பின்னல் போல இருக்கும் மெல்லிய வளைகள் ஒவ்வொன்றாக மெலிந்து அறுந்து, எலும்பு புரையோடிப் போகின்ற நிலை அது. எனவே எலும்புப்புரை என்பதே பொருத்தமான சொல். எலும்பு முறியும் வரை இது நோவதில்லை. முள்ளந்தண்டு எலும்புகளில் ஏற்படும் நசிவு முறிவுகளில் மூன்றில் இரண்டு பங்கு வைத்தியரிடம் போகாமலே கடந்து போகின்றன.

‘எங்கட ஆச்சிமார் குளிசை போட்டவையோ?’ என்று கேட்பவர்கள், பொல்லூன்றிக் கூனி நடந்த ஆச்சிமாரை ஒருதரம் நினைத்துப் பார்க்கவேண்டும். வயது வந்தால் கூன் விழும் என்று நாம் எடுத்துக்கொண்டோம். அந்தக் கூன்களில் பல, யாரும் எக்ஸ்றே எடுத்துப் பார்க்காத முள்ளந்தண்டு முறிவுகள்தான்.

உலக சுகாதார நிறுவனம் 1994 இல் இந்நோய்க்கு ஒரு அளவுகோலை வகுத்தது. இடுப்பிலும் முள்ளந்தண்டிலும் எலும்பின் அடர்த்தியை அளந்து, ஆரோக்கியமான இளம் பெண்களின் சராசரியுடன் ஒப்பிடுவார்கள். அதிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதே ‘ரீ’ அளவு. மைனஸ் 1 க்கும் மைனஸ் 2.5 க்கும் இடையில் இருந்தால் அடர்த்திக் குறைவு, மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழே போனால் எலும்புப்புரை. இக்கோடு மனிதர் வகுத்தது. மைனஸ் 2.4 உள்ளவர் பத்திரமானவர் என்றோ, மைனஸ் 2.6 உள்ளவர் நாளைக்கே முறிந்து போவார் என்றோ இதற்குப் பொருள் கிடையாது. வயது, முன்பு ஏற்பட்ட முறிவு, தாய் அல்லது தகப்பனின் இடுப்பு முறிவு, புகைத்தல், நீண்டகாலம் பாவித்த ஸ்ரெரொயிட் மருந்து எல்லாவற்றையும் சேர்த்துத்தான் ஒருவருக்கு உள்ள ஆபத்தை மதிப்பிடவேண்டும்.

எலும்பு எதற்கு மசிகிறது?

எலும்பு என்றவுடன் நாம் நினைப்பது சுடலையிலோ ஆய்வுகூடத்திலோ கண்ட காய்ந்த எலும்பை. உடலுக்குள் இருப்பதோ உயிருள்ள இழையம். ஒருவகைக் கலங்கள் பழைய எலும்பை அரித்தெடுக்கின்றன. இன்னொரு வகைக் கலங்கள் அந்தக் குழியில் புதிய எலும்பைக் கட்டுகின்றன. வளர்ந்த ஒருவரின் எலும்புக்கூட்டில் ஏறத்தாழ பத்திலொரு பங்கு ஒவ்வொரு ஆண்டும் இப்படிப் புதுப்பிக்கப்படுகிறது. ஈஸ்ரஜன் என்ற ஓமோன் அரிக்கும் கலங்களைக் கட்டுப்பாட்டில் வைத்திருக்கிறது. மாதவிடாய் நிற்கும்போது அந்தக் கட்டுப்பாடு தளர்கிறது. கட்டுவதைவிட அரிப்பது கூடுகிறது. அடுத்துவரும் ஐந்தாறு ஆண்டுகளில்தான் இழப்பு மிக வேகமாக நடக்கிறது.

எலும்பு தன்மேல் விழும் பாரத்துக்கு ஏற்பத் தன் அமைப்பை மாற்றிக்கொள்கிறது என்பதை பேர்லினில் இருந்த சத்திரசிகிச்சை நிபுணர் யூலியஸ் வொல்வ் 1892 இல் ஒரு விதியாக எழுதினார். இதற்கான சான்றுகள் பின்னர் பல இடங்களிலிருந்தும் கிடைத்தன. சிறுவயதிலிருந்து ரெனிஸ் ஆடுபவர்களின் மட்டை பிடிக்கும் கை எலும்பு மற்றக் கை எலும்பைவிடத் தடித்திருக்கிறது. ஈர்ப்பு இல்லாத விண்வெளியில் மாதக்கணக்கில் தங்குபவர்கள் இடுப்பெலும்பின் அடர்த்தியில் மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம் வரை இழக்கிறார்கள்.

எலும்புக்குள் புதையுண்டிருக்கும் ஒருவகைக் கலங்கள் நுண்ணிய கால்வாய்களால் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டிருக்கின்றன. எலும்பு சற்று வளையும்போது இக்கால்வாய்களில் உள்ள திரவம் அசைகிறது. கலங்கள் அதை உணர்கின்றன. பாரம் இல்லாதபோது இவை ஸ்கிளிரோஸ்ரின் என்ற புரதத்தைச் சுரந்து, கட்டும் கலங்களின் வேலையைத் தடுக்கின்றன. பாரம் விழும்போது அச்சுரப்புக் குறைகிறது, கட்டுமானம் தொடங்குகிறது. 2019 இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அனுமதிக்கப்பட்ட ரொமோசொசுமாப் என்ற ஊசிமருந்து இதே ஸ்கிளிரோஸ்ரினைத்தான் மறிக்கிறது. அதாவது அப்பியாசம் தொடும் அதே விசையை ஒரு மருந்தும் தொடுகிறது. மருந்தும் அப்பியாசமும் இரண்டு எதிரெதிர் உலகங்கள் என்ற எண்ணத்தை இந்த ஒரு உண்மையே அசைத்து விடுகிறது.

வேலை ஏன் அப்பியாசம் ஆகாது?

இனி அந்த மூன்றாவது பதிலுக்கு வருவோம். நாள் முழுக்க நின்று, குனிந்து, தூக்கி வேலை செய்யும் ஒருவரிடம் ‘நீங்கள் அப்பியாசம் செய்யவேண்டும்’ என்று சொன்னால் கோபம் வருவது நியாயமே. எனக்கும் அக்கோபம் உண்டு. ஆனால் எலும்பின் கணக்கு வேறு.

றூபின், லான்யன் என்ற இரு ஆய்வாளர்கள் 1984 இல் வெளியிட்ட ஒரு பரிசோதனையைப் பார்ப்போம். பறவைகளின் சிறகு எலும்பு ஒன்றை இயல்பான பாவனையிலிருந்து விலக்கி வைத்துவிட்டு, அதன்மேல் ஒவ்வொரு நாளும் அளவாகப் பாரத்தைச் செலுத்திப் பார்த்தார்கள். நாளுக்கு 4 தடவை செலுத்தியபோது எலும்பு இழப்பு நின்றது. 36 தடவை செலுத்தியபோது புதிய எலும்பு வளர்ந்தது. 1800 தடவை செலுத்தியபோதோ, 36 தடவைக்குக் கிடைத்ததைவிட மேலதிகமாக எதுவும் கிடைக்கவில்லை.

பின்வந்த ஆய்வுகளும் இதையே உறுதிப்படுத்தின. எலும்பு அசைவுள்ள பாரத்துக்குத்தான் மசிகிறது, அசையாமல் நிற்பதற்கு மசிவதில்லை. சில பத்துத் தடவைகளுக்குப் பிறகு அதன் காது அடைத்துப் போகிறது. பழகிப்போன பாரத்தை அது பொருட்படுத்துவதே இல்லை.

பெட்டி அடுக்கும் மேசையில் நடப்பது இதற்கு நேர்மாறு. ஒரே அளவான பெட்டி, ஒரே உயரம், ஒரே பக்கத் திருப்பம், ஆயிரக்கணக்கான தடவை. வேலையில் சேர்ந்த முதல் மாதங்களில் எலும்பு இதற்கு ஏதாவது செய்திருக்கலாம். பத்தாவது ஆண்டில் அதற்கு இதில் புதிதாக எதுவும் இல்லை. தசைநாண்களும் மூட்டுகளும் மட்டும் ஒவ்வொரு நாளும் கூலி கொடுக்கின்றன. துப்புரவு வேலையும், உணவகத்தில் கோப்பை கழுவும் வேலையும் இப்படித்தான். களைப்பு உண்மையானது. ஆனால் களைப்பை வைத்து எலும்பு பலப்படுகிறது என்று முடிவு செய்ய முடியாது.

இதே காரணத்தால் வெறும் நடையும் போதாது. நடை இதயத்துக்கும் நீரிழிவுக்கும் மனதுக்கும் நல்லது. முள்ளந்தண்டின் அடர்த்தியை அது கூட்டுவதாக ஆய்வுகள் காட்டவில்லை. நீச்சலும் சைக்கிளும் எலும்பைப் பொறுத்தவரை நடையைவிடவும் குறைவு. ஏனெனில் அவற்றில் உடற்பாரத்தைத் தண்ணீரோ இருக்கையோ சுமந்துகொள்கிறது.

இரண்டு பயிற்சித் திட்டங்கள்

அப்படியானால் எந்த அப்பியாசம்? இங்கு இரண்டு ஆய்வுகளைச் சற்று விரிவாகப் பார்க்கலாம்.

முதலாவது ஜேர்மனியிலேயே நடந்தது. எர்லாங்கன் நகரப் பல்கலைக்கழகத்தில் வொல்வ்காங் கெம்லரும் அவரது குழுவினரும் 1998 இல், மாதவிடாய் நின்று சில ஆண்டுகளே ஆன, எலும்பு அடர்த்தி குறைந்த 137 பெண்களுடன் இதைத் தொடங்கினார்கள். ஒரு பகுதியினர் கிழமைக்கு இரண்டு தடவை கூட்டாகவும் இரண்டு தடவை வீட்டிலும் பயிற்சி செய்தார்கள். அப்பயிற்சியில் துள்ளல், பாரம் தூக்கல், தசை வலுவூட்டல் எல்லாம் இருந்தன. மற்றவர்கள் தமது வழமைப்படி இருந்தார்கள். 16 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது இரு பகுதியினரும் எலும்பை இழந்திருந்தார்கள். ஆனால் பயிற்சி செய்தவர்கள் இழந்தது குறைவு. சிறு விழுகைகளால் ஏற்பட்ட முறிவுகளும் அவர்களிடையே ஏறத்தாழ அரைவாசி. குறைபாடு ஒன்றையும் சொல்லவேண்டும். இது சிறிய ஆய்வு; யார் எந்தப் பகுதி என்பது சீட்டுக் குலுக்கித் தீர்மானிக்கப்படவில்லை. பயிற்சிக்கு விரும்பி வருபவர்கள் ஏற்கெனவே ஆரோக்கியத்தில் அக்கறை உள்ளவர்களாக இருந்திருக்கக்கூடும்.

இரண்டாவது அவுஸ்திரேலியாவின் குயீன்ஸ்லாந்தில் கிறிவ்வித் பல்கலைக்கழகத்தில் பெலிண்டா பெக்கின் குழுவினர் செய்தது. இதன் முடிவுகள் 2018 இல் அச்சில் வெளிவந்தன. இதில் சராசரி வயது 65 உடைய, எலும்பு அடர்த்தி குறைந்த 101 பெண்கள் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒரு குழுவுக்கு வீட்டில் செய்யக்கூடிய இலகுவான அப்பியாசம். மற்றக் குழுவுக்குக் கிழமைக்கு இரண்டு தடவை, தடவைக்கு 30 நிமிடம், பயிற்றுநரின் மேற்பார்வையில் கடும் பயிற்சி. நிலத்தில் இருக்கும் பாரத்தை நிமிர்ந்த முதுகுடன் தூக்கி எழுதல், பாரத்தைத் தோளில் வைத்துக் குந்தி எழும்புதல், தலைக்கு மேலே உயர்த்துதல், கம்பியில் எட்டிப் பிடித்துக் குதித்து இறங்குதல். தூக்கிய பாரம், ஒருவர் ஒரேயொரு தடவை மட்டும் தூக்கக்கூடிய உச்சப் பாரத்தின் 80 முதல் 85 சதவீதம். ஐந்து ஐந்தாக ஐந்து தொகுதி. முதல் கிழமைகளில் சிறு பாரத்துடன் முறையைப் பழக்கிய பின்னரே இந்த அளவுக்குக் கொண்டுபோனார்கள். எட்டு மாத முடிவில் கடும் பயிற்சிக் குழுவின் முள்ளந்தண்டு அடர்த்தி சராசரியாக 2.9 சதவீதம் கூடியிருந்தது. மற்றக் குழுவினது 1.2 சதவீதம் குறைந்திருந்தது. காயம் என்று சொல்லத்தக்கது ஒருவருக்கு ஏற்பட்ட சிறு இடுப்புப் பிடிப்பு மட்டுமே.

அறுபத்தைந்து வயதுப் பெண்களுக்கு ‘பாரம் தூக்காதை’ என்று சொல்வதே வழமையாக இருந்தது. அவ்வழமையை இந்த ஆய்வு கேள்விக்குள்ளாக்கியது. ஆனாலும் மேற்பார்வை என்ற சொல்லை மறந்துவிடக்கூடாது. இதை வாசித்துவிட்டு நாளைக்கே அரிசி மூட்டையைத் தலைக்கு மேல் தூக்க வேண்டாம்.

குளிசையின் கணக்கு

அலெண்ட்ரோனேற் என்ற குளிசை எலும்புப்புரைக்கு அமெரிக்காவில் 1995 இல் அனுமதிக்கப்பட்டது. இதுவும் இதே குடும்பத்து மருந்துகளும் எலும்பில் படிந்து, அரிக்கும் கலங்களை அடக்குகின்றன. ஏற்கெனவே முள்ளந்தண்டில் முறிவு கண்ட 2027 பெண்களிடம் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் செய்யப்பட்டு 1996 இல் வெளிவந்த ஆய்வில், வெற்றுக் குளிசை எடுத்தவர்களில் 15 சதவீதத்தினருக்கு எக்ஸ்றேயில் புதிய முள்ளந்தண்டு முறிவு தெரிந்தது. மருந்து எடுத்தவர்களில் 8 சதவீதம். இடுப்பு முறிவு 2.2 சதவீதத்திலிருந்து 1.1 ஆகக் குறைந்தது. முள்ளந்தண்டு அடர்த்தியில் இரு குழுவுக்கும் இடையில் சுமார் 6 சதவீத வேறுபாடு இருந்தது.

அப்பியாசத்தின் பக்கத்தில் இதற்குச் சமமான சான்று இல்லை. 2011 இல் 43 பரிசோதனைகளை ஒன்றாக்கி ஆராய்ந்த கொக்ரேன் மதிப்பாய்வு, அப்பியாசத்தால் முள்ளந்தண்டு அடர்த்தியில் கிடைக்கும் சராசரி வேறுபாடு 1 சதவீதத்துக்கும் குறைவு என்றது. அவற்றில் பெரும்பாலானவை இலகுவான பயிற்சிகள் என்பதும் உண்மை. ஆயினும் முறிவைத் தடுப்பதற்கு, குளிசைக்கு இருப்பதுபோன்ற பெரிய சோதனை அப்பியாசத்துக்கு இல்லை. இதை மறைத்து அப்பியாசத்துக்காக வாதாடுவது நேர்மையாகாது.

பக்கவிளைவுகள் பற்றிய பயம் வெறும் வதந்தி அல்ல. தாடை எலும்பு கெடுவது பற்றிய முதல் அறிக்கை 2003 இல் வந்தது. அது பெரும்பாலும் புற்றுநோய்க்காக அதிக அளவில் ஊசி ஏற்றப்பட்டவர்களிடம் காணப்பட்டது; எலும்புப்புரைக்குக் கிழமைக் குளிசை போடுபவர்களிடம் மிக அரிது. தொடங்குமுன் பல் வைத்தியரிடம் காட்டுவது புத்திசாலித்தனம். இன்னொன்று, பல ஆண்டுகள் பாவிப்பவர்களிடம் தொடையெலும்பு நடுப்பகுதியில் காணப்படும் வழமைக்கு மாறான முறிவு. இது பற்றி 2020 இல் கலிபோர்னியாவிலிருந்து வந்த ஒரு பெரிய ஆய்வு எமக்கு முக்கியமானது. 10,000 வெள்ளையினப் பெண்கள் மூன்று ஆண்டுகள் மருந்து எடுத்தால் 149 இடுப்பு முறிவுகள் தடுக்கப்படும், 2 வழமைக்கு மாறான முறிவுகள் ஏற்படும் என்றும், ஆசிய வம்சாவளிப் பெண்களில் 91 தடுக்கப்பட்டு 8 ஏற்படும் என்றும் அது கணித்தது. நன்மையே இன்னும் பன்மடங்கு பெரிது. ஆனால் எத்தனை ஆண்டு எடுப்பது, எப்போது இடைவேளை விடுவது என்று வைத்தியரிடம் கேட்கும் உரிமை எமக்கு உண்டு என்பதையும் இக்கணக்குக் காட்டுகிறது.

ஆறு மாதத்துக்கொருமுறை போடும் டெனோசுமாப் ஊசியைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். அதைப் போட்டுக்கொண்டிருப்பவர்கள் ‘இனி அப்பியாசம் செய்யப் போறன்’ என்று தம்பாட்டில் நிறுத்தக்கூடாது. நிறுத்தியவுடன் அடக்கப்பட்டிருந்த அரிப்பு ஒரேயடியாகக் கிளம்புகிறது. சிலருக்கு முள்ளந்தண்டில் ஒன்றன்பின் ஒன்றாகப் பல முறிவுகள் ஏற்பட்டிருக்கின்றன. வேறு மருந்துக்கு மாறியே அதை நிறுத்தவேண்டும்.

வேலைக்குப் போகும் பெண்களுக்குக் குளிசையில் ஒரு நடைமுறைச் சிக்கலும் உண்டு. அலெண்ட்ரோனேற்றை வெறுவயிற்றில், ஒரு கிளாஸ் வெறும் தண்ணீருடன் விழுங்கிவிட்டு அரை மணித்தியாலம் படுக்காமல், வேறெதுவும் சாப்பிடாமல் குடிக்காமல் இருக்கவேண்டும். காலை ஆறு மணி வேலைக்கு நாலரைக்கு எழும்பி, பால் தேத்தண்ணியுடன் அதை விழுங்குபவர்களை நான் அறிவேன். அப்படிச் செய்தால் மருந்து உடலில் சேராது. வேலையில்லாத நாளாகப் பார்த்து அதற்கென ஒரு கிழமையை ஒதுக்குவதே வழி.

விழாமல் இருப்பது

எலும்பு பலவீனமாக இருப்பதால் மட்டும் இடுப்பு முறிவதில்லை. பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்ட இடுப்பு முறிவுகள் விழுவதால் ஏற்படுபவை. விழுவதை எந்தக் குளிசையும் தடுக்காது. 23,407 பேர் பங்குகொண்ட 108 பரிசோதனைகளை 2019 இல் தொகுத்த கொக்ரேன் மதிப்பாய்வு, அப்பியாசம் முதியோர் விழும் தடவைகளை 23 சதவீதத்தால் குறைக்கிறது என்றது. சமநிலைப் பயிற்சிகளும், கதிரையிலிருந்து கையூன்றாமல் எழும்புதல் போன்ற பயிற்சிகளுமே இதில் முதன்மையானவை.

இங்குதான் ‘குளிசையா அப்பியாசமா’ என்ற கேள்வியே பிழையாகப் போகிறது. குளிசை எலும்பு அரிப்பைத் தடுக்கிறது. தசைக்கும் சமநிலைக்கும் அது எதுவும் செய்வதில்லை. அப்பியாசம் விழாமல் காக்கிறது, முதுகை நிமிர்த்துகிறது, சரியான வகையாக இருந்தால் எலும்பையும் ஓரளவு கட்டுகிறது. ஏற்கெனவே முறியத் தொடங்கிய எலும்பை அது தனியாகக் காப்பாற்றும் என்பதற்குச் சான்று போதாது. ஆகவே இடுப்பிலோ முள்ளந்தண்டிலோ முறிவு கண்டவர்களும், ஆபத்து அதிகம் என்று மதிப்பிடப்பட்டவர்களும் மருந்தை விடக்கூடாது, அதனோடு அப்பியாசமும் செய்யவேண்டும். அடர்த்தி சற்றுக் குறைந்திருக்கிறது, முறிவு இல்லை, வேறு ஆபத்துக் காரணிகளும் இல்லை என்ற நிலையில் உள்ள ஐம்பது வயதுக்காரிக்கோ அப்பியாசமே முதல் மருந்தாக இருக்கலாம். இதை அவர் தன் வைத்தியருடன் பேசி, சில ஆண்டுகளில் மீண்டும் அளந்து பார்க்கவேண்டும்.

குனியும் அப்பியாசம்

‘யோகா செய்’ என்ற அறிவுரைக்கும் ஒரு எச்சரிக்கை தேவை. அமெரிக்காவின் மாயோ கிளினிக்கில் மெஹர்சீட் சினாக்கியும் சக ஆய்வாளரும் 1984 இல், முள்ளந்தண்டு எலும்புப்புரை உள்ள 59 பெண்களை ஆராய்ந்தார்கள். முதுகைப் பின்னுக்கு நிமிர்த்தும் பயிற்சி செய்தவர்களில் 16 சதவீதத்தினருக்குப் புதிய முறிவு ஏற்பட்டது. முன்னுக்குக் குனியும் பயிற்சி செய்தவர்களில் அது 89 சதவீதம். எந்தப் பயிற்சியும் செய்யாதவர்களில் 67. குனிந்தவர்கள் ஒன்பது பேர் மட்டுமே என்பதால் இந்தச் சதவீதத்தை அப்படியே பிடித்துக்கொள்ளத் தேவையில்லை. ஆனால் திசை தெளிவானது. புரையோடிய முள்ளந்தண்டெலும்பின் முன்பக்கத்தைக் குனிதல் நசுக்குகிறது. எனவே கால்விரலைத் தொடும் பாதஹஸ்தாசனமும் பச்சிமோத்தாசனமும் இவர்களுக்குக் கூடாது. குப்புறப் படுத்து நெஞ்சை மெல்ல உயர்த்துவது நல்லது. பிள்ளையைத் தூக்கும்போதும் வாளியைத் தூக்கும்போதும் முதுகை வளைக்காமல் இடுப்பிலும் முழங்காலிலும் மடியப் பழகவேண்டும்.

பிரித்தானியாவின் றோயல் ஒஸ்ரியோபொரோசிஸ் சங்கம் நிபுணர்களைக் கூட்டி எடுத்த இணக்கம் இதையெல்லாம் மூன்று சொற்களுக்குள் அடக்குகிறது: வலு, நிலைப்பு, நிமிர்வு. வலுவுக்காகக் கிழமைக்கு இரண்டு மூன்று நாள் தசைப் பயிற்சி. பாரத்தைப் படிப்படியாகக் கூட்டிக்கொண்டே போகவேண்டும். முறிவு இல்லாதவர்கள் பெரும்பாலான நாட்களில் ஏறத்தாழ 50 மிதமான துள்ளல்கள் செய்யலாம். கயிறடிப்பது, படியிலிருந்து குதிப்பது போன்றவை. முள்ளந்தண்டு முறிவு உள்ளவர்களுக்குத் துள்ளலுக்குப் பதிலாக விரைவு நடை. நிலைப்புக்காகச் சமநிலைப் பயிற்சி. நிமிர்வுக்காக முதுகுத் தசைப் பயிற்சி.

வெயிலும் உணவும்

எலும்பு கட்டக் கட்டளை மட்டும் போதாது, மூலப்பொருளும் வேண்டும். இங்கு எமக்கென்றொரு பிரச்சினை இருக்கிறது. ஜேர்மனியின் அகலாங்கில் ஒக்ரோபரிலிருந்து மார்ச் வரை சூரிய ஒளியால் தோலில் போதிய விற்றமின் டி உருவாவதில்லை. கருந்தோலுக்கு அதே அளவு விற்றமினுக்குக் கூடுதலான வெயில் தேவை. விடியுமுன் தொழிற்சாலைக்குள் போய் இருண்ட பின் வெளியே வருபவர்களுக்குக் கோடையும் பாதி வீண். 2008 இல் வெளிவந்த ஒரு ஆய்வு, கண்டியில் வாழும் இலங்கையரையும் ஒஸ்லோவில் வாழும் இலங்கையரையும் ஒப்பிட்டது. நோர்வேயில் வாழும் இலங்கையரில் பெரும்பாலோர் தமிழர் என்பது நாம் அறிந்ததே. இரத்தத்தில் விற்றமின் டி கண்டியில் சராசரியாக 54 நனோமோல் அளவிலும், ஒஸ்லோவில் 31 அளவிலும் இருந்தது. 50 க்கு மேல் இருப்பதே போதுமானதாகக் கொள்ளப்படுகிறது. எனவே இரத்தத்தைச் சோதித்து, தேவையான அளவுக்கு விற்றமின் எடுப்பது நல்லது. அளவுக்கு மிஞ்சி விழுங்குவதால் நன்மை இல்லை. கல்சியத்துக்குப் பால், தயிர் ஒத்துவராதவர்களுக்கு முள்ளோடு தின்னும் நெத்தலியும், எள்ளும், குரக்கனும் இருக்கின்றன. 100 கிராம் குரக்கனில் 300 மில்லிகிராமுக்கு மேல் கல்சியம் உண்டு.

யாருக்கு நேரம் இருக்கிறது?

கிழமைக்கு இரண்டு தடவை அரை மணித்தியாலம் என்பது கேட்கச் சிறிதாக இருக்கிறது. முறைமாறும் வேலை, வீட்டுச் சமையல், வார இறுதியில் தமிழ்ப் பாடசாலை, மாமன் வீட்டுச் சடங்கு என்று ஓடும் ஒரு பெண்ணுக்கு அந்த அரை மணித்தியாலத்தை யார் கொடுப்பது? உடற்பயிற்சி நிலையத்தில் பாரம் தூக்கும் ஐம்பத்தைந்து வயதுத் தமிழ்ப் பெண்ணைப் பார்த்து எத்தனை பேர் சிரிப்பார்கள்? எலும்புப்புரை பற்றிய பேச்சு இக்கேள்விகளையும் சேர்த்துக்கொள்ளாவிட்டால் அது அரைகுறைப் பேச்சு.

ஜேர்மனியில் ஒரு வழி உண்டு. எம்மவரில் பலருக்கு அது தெரியாது. எலும்புப்புரை உள்ளவர்களுக்கு வைத்தியர் ‘முஸ்ரர் 56’ என்ற படிவத்தில் மறுவாழ்வு விளையாட்டு அல்லது செயற்பாட்டுப் பயிற்சியை எழுதித் தரலாம். மருத்துவக் காப்புறுதி அதை ஏற்றுக்கொண்டால் மறுவாழ்வு விளையாட்டுக்கு வழமையாக 18 மாதங்களுக்குள் 50 தடவையும், செயற்பாட்டுப் பயிற்சிக்கு வழமையாக 12 மாதங்களும் கிடைக்கும். இது வைத்தியரின் மருந்துச் செலவு வரம்பில் சேர்வதில்லை. எனவே கேட்பதற்குத் தயங்கத் தேவையில்லை. இவ்வகுப்புகள் பெரும்பாலும் மென்மையானவைதான். ஆனாலும் சமநிலையும் முதுகு நிமிர்த்தலும் பழக அவை நல்ல தொடக்கம். ஒரே ஊரில் நாலைந்து பெண்கள் சேர்ந்து போனால் மொழிப் பயமும் குறையும், சிரிப்பவர்களும் குறைவார்கள்.

இறுதியாக எமது மகள்மாரைப் பற்றி. கனடாவின் சஸ்கச்சுவான் பல்கலைக்கழகத்தில் பிள்ளைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து அளந்து 1999 இல் வெளியிட்ட ஆய்வின்படி, வளர்ந்தவரின் எலும்புத் தாதுவில் ஏறத்தாழ 26 சதவீதம் வளர்ச்சி உச்சத்தில் உள்ள இரண்டே ஆண்டுகளில் சேர்கிறது. பெண்பிள்ளைகளுக்கு அது ஏறத்தாழப் பன்னிரண்டு, பதின்மூன்று வயது. சாமத்தியப்பட்டுவிட்டாள் என்று நாங்கள் விளையாட்டை நிறுத்தி ரியூசனுக்கு அனுப்பத் தொடங்கும் வயதும் அதுவே. ஐம்பதில் குளிசையா அப்பியாசமா என்று கேட்கும் நாங்கள், பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் கையிலிருந்து கயிறை வாங்கி வைக்கிறோம். பண்பாடு என்ற பெயரில் நாம் செய்யும் இந்த ஒரு காரியத்தையாவது மீள்பரிசீலனை செய்யவேண்டும். மாற்றுக் கருத்துள்ளவர்களும், இவ்வகையான பயிற்சி வகுப்புகளுக்குப் போய்வந்தவர்களும் அடுத்த இதழில் எழுதினால் இவ்விவாதம் பயனுள்ளதாகத் தொடரும்.